கண்ணில் விழும் பூவும் தலையெழுத்தும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனிதனுடைய கண்ணில் ஒரு கீறல் விழுந்தால் அது எப்படி ஆறுகிறது என்பதும், ஆறும்போது கண்ணுக்குள் இருக்கிற ஜீன்கள் என்பவை என்ன செய்கின்றன என்பதும் ஆகும். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதியாயிற்றே, களத்துமேட்டிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் வந்திருக்கிற நமக்கு இது எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது சரியல்ல என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லுவோம்.

ஒன்று, கண்ணில் கீறல் விழுவது பெரும்பாலும் டாக்டருக்கல்ல. நெல் அறுக்கிறவர்களுக்கும், கரும்புத் தோகை கழிக்கிறவர்களுக்கும், கல் உடைக்கிறவர்களுக்கும், இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும்தான். காயம் யாருக்கோ, அதைப் பற்றிய அறிவும் அவர்களுக்கே முதலில் சேரவேண்டும்.

இரண்டாவது காரணம், தலையெழுத்து என்கிற பழைய சரக்கு இப்பொழுது புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒருவனுக்குக் கண் போனால், அவன் தலையில் அப்படி எழுதியிருக்கிறது என்றார்கள். இப்பொழுது பத்திரிகை படிக்கிறவர்கள், “எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். எழுதினவன் பெயர் மாறிற்றே தவிர, கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற புத்தி மாறவில்லை. ஜீனைப் பற்றி விஞ்ஞானம் சொல்லுவது இதற்கு நேர்மாறு என்பதற்குக் கண்ணையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

முதலில் இந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளுவோம். கடிகாரத்தின் முகத்தை ஒரு கண்ணாடி மூடியிருப்பதுபோல, நம் கண்ணின் கருமையான வட்டத்தை ஒரு தெளிவான படலம் மூடியிருக்கிறது. கண் ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் கருவிழி என்றும், கார்னியா என்றும் சொல்லுகிறார்கள். நடுவில் இதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். இதிலே ரத்தக் குழாய் கிடையாது. வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெற்றுக்கொள்ளுகிறது. உடம்பில் நரம்பு மிக நெருக்கமாக ஓடுகிற இடங்களில் இதுவும் ஒன்றாகையால்தான், ஒரு தூசி விழுந்தாலும் உயிர் போகிற வலி எடுக்கிறது.

இந்தப் படலத்தின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்களாலானது. அதன் கனம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அதற்கடியில், மொத்தக் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மிக மெல்லிய நார்கள் ஒரே பருமனாய், ஒழுங்கான இடைவெளியில் பாவு இழைபோல் பரவியிருக்கிற பாகம். அந்த ஒழுங்கினால்தான் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது என்று 1957-ல் டேவிட் மாரிஸ் என்கிற அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். எல்லாவற்றுக்கும் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசைச் செல்கள் இருந்து, நீர் ஊறிப்போகாமல் இறைத்துக்கொண்டே இருக்கின்றன.

இனி ஜீன் என்றால் என்ன? நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களாலானது. ரத்தத்தின் சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் புரதங்களைச் செய்யும் விதங்கள் மட்டும் சுமார் 20,000 எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஒவ்வொரு விதமும் ஒரு ஜீன். விசேஷம் என்னவென்றால், கண்ணின் செல்லுக்கும், குதிகால் தோலின் செல்லுக்கும், குடலின் செல்லுக்கும் புத்தகம் ஒன்றேதான். ஏட்டுக்கு ஏடு வித்தியாசமில்லை. அப்படியானால் ஒன்று பளிங்காகவும், மற்றொன்று தடித்த தோலாகவும் இருப்பானேன்? ஒவ்வொரு செல்லும் அந்தப் புத்தகத்தில் எந்த ஏட்டைத் திறக்கிறது, எதை மூடி வைக்கிறது, எப்பொழுது திறக்கிறது, எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்தத் திறப்பதையும் மூடுவதையும்தான் ஜீன் கட்டுப்பாடு என்கிறார்கள். திறக்கிற சாவிகளும் சில புரதங்களே. சாவியைச் செய்யும் விதமும் அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறது.

கண்ணுக்கு வேண்டிய சாவிகளில் முக்கியமானது பாக்ஸ் 6 என்பது. மனிதனிடத்தில் இது 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு இதில் இரண்டு படிகள் உண்டு. ஒரு படி கெட்டுப்போனாலும் குழந்தைக்குக் கருமணியைச் சுற்றியுள்ள திரை சரிவர உண்டாவதில்லை. வயது ஏற ஏறப் பலருக்குக் கருவிழியும் மங்கிப் போகிறது. 2014-ல் ஒரு சோதனை வெளியாயிற்று. கருவிழியின் மூலச் செல்களில் பாக்ஸ் 6-ஐ அடக்கியபோது அவை தோல் செல்களைப்போல் ஆயின. தோலின் மூலச் செல்களுக்குள் பாக்ஸ் 6-ஐப் புகுத்தியபோது அவை கருவிழிச் செல்களைப்போல் ஆயின. முயலின் காயம்பட்ட கண்ணில் வைத்தபோது அந்த வேலையையும் பார்த்தன. தோழர்களே, புத்தகம் மாறவில்லை. திறந்த ஏடு மாறிற்று. எழுதியதெல்லாம் நடந்தே தீரும் என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நிற்க, காயத்துக்கு வருவோம். கதிரறுக்கும்போது ஒரு நெல் சுணை கண்ணில் பட்டு மேல்தோலைச் சிராய்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த செல்களிலிருந்து ஏ.டி.பி. என்கிற பொருள் வெளியே சிந்துகிறது. பக்கத்துச் செல்களுக்கு அதுவே தண்டோரா. அவற்றின் உள்ளே சுண்ணாம்புச் சத்தின் அளவு அலை அலையாய் ஏறுகிறது. அவற்றின் மேலுள்ள வாங்கிகள் விழித்துக்கொள்ளுகின்றன. நிமிஷக் கணக்கில், அதுவரை ஏறக்குறைய மூடிக்கிடந்த சில ஏடுகள் திறக்கப்படுகின்றன. ஃபாஸ், ஜூன் என்று பெயர் கொண்ட இவை முதல் ஏடுகள். இவற்றிலிருந்து பிறக்கும் புரதங்களே அடுத்த ஏடுகளைத் திறக்கும் சாவிகள்.

அதன்பின் சில மணி நேரம் வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. ஆனால் உள்ளே ஏற்பாடு பலமாக நடக்கிறது. காயத்தின் ஓரத்திலுள்ள செல்கள் தங்களைத் தரையோடு பிணைத்திருக்கிற முளைகளைக் கழற்றிவிட்டுத் தட்டையாகின்றன. நடப்பதற்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ளுகின்றன. வெற்றிடத்தில் ஃபைப்ரோனெக்டின் என்கிற புரதம் பாய் விரித்தாற்போல் படிகிறது. பிறகு செல்கள் ஒன்றையொன்று விடாமல் ஒரே விரிப்பாக அதன்மேல் நகருகின்றன. முயலின் கண்ணில் அளந்து பார்த்ததில் இந்த நடையின் வேகம் மணிக்கு மில்லிமீட்டரில் சுமார் நூற்றில் ஆறு பங்கு. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிராய்ப்பை நாற்புறமிருந்தும் வந்து மூட, இந்தக் கணக்குப்படி முப்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நடக்கிற செல் பிளந்து பெருகுவதில்லை. பெருகுகிற வேலை பின்னால் இருக்கிறவற்றுக்கு. முன்னே போகிறவனுக்கு ஒரு ஏடு, பின்னே நிற்கிறவனுக்கு வேறொரு ஏடு. காயம் மூடினவுடன் நடையின் ஏடுகள் மூடப்படுகின்றன. முளைகள் மறுபடி அடிக்கப்படுகின்றன.

பின்னால் இருந்து ஆள் அனுப்புவது யார்? காயமே இல்லாத நாட்களிலும் கருவிழியின் மேல்தோல் 7 முதல் 10 நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாகிறது. கீழிருந்து பிறப்பதும் ஓரத்திலிருந்து நகர்ந்து வருவதும் சேர்ந்து, மேலே உதிர்ந்து போவதற்குச் சமம் என்று 1983-ல் தாஃப்ட், ஃப்ரெண்ட் என்கிற இருவர் வரவு செலவுக் கணக்கு எழுதினார்கள். அந்த ஓரம் எது? கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கிற வரம்பு. மூலச் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன என்று 1986-லும் 1989-லும் நியூயார்க்கில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. அவற்றில் பி 63 என்கிற சாவி பலமாக இருக்கும் என்பதை 2001-ல் இத்தாலியைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் இந்த வரம்பே வெந்துபோகும். ஆள் அனுப்புகிற இடமே போய்விட்டால் கருவிழியில் தெளிவான தோல் மறுபடி முளையாது. வெள்ளைவிழியின் தோலும் ரத்தக் குழாய்களும் அதன்மேல் படர்ந்துவிடும். 1997-ல் இத்தாலியில் இப்படி ஒரு கண் கெட்டுப்போன இரண்டு பேருக்கு, நல்ல கண்ணின் வரம்பிலிருந்து கடுகளவுத் துணுக்கு எடுத்து, அதைச் சோதனைச்சாலையில் வளர்த்து, கெட்ட கண்ணில் பதித்தார்கள். 2010-ல் 112 பேருடைய கணக்கு வெளியிடப்பட்டது. நூற்றுக்கு 76.6 கண்களில் தெளிவான தோல் நிலைத்தது. வளர்த்த செல்களில் பி 63 பலமாயுள்ளவை நூற்றுக்கு 3-க்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 78 பேருக்குக் குணம். அதற்குக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் குணம். 2015-ல் ஐரோப்பிய யூனியன் இந்தச் சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. எந்த ஏடு திறந்திருக்கிறது என்று பார்த்து, எந்தச் செல் கண்ணைக் காப்பாற்றும் என்று முன்கூட்டிச் சொல்லுகிற காலம் இது.

இனி, “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்கிறோமே, அது என்ன? மேல்தோல் மட்டும் சிராய்த்தால் சுவடு தெரியாமல் ஆறிவிடும். காயம் அடியிலுள்ள நார்ப் பாகத்துக்கு இறங்கினால் கதை வேறு. அந்த நார்களுக்கு நடுவே அமைதியாய்க் கிடக்கிற செல்கள் சில உண்டு. சாதாரண காலத்தில் இவை தங்களுக்குள் சில புரதங்களை ஏராளமாக நிரப்பிக்கொண்டு, வெளிச்சத்தை மறைக்காமல் இருக்கின்றன. மேலே காயம்பட்டதும் நேர் கீழே உள்ள செல்கள் சில மணி நேரத்தில் தாமே மாண்டுபோகின்றன என்று 1990-களில் ஸ்டீவன் வில்சன் என்பவர் காட்டினார். மிஞ்சியவை விழித்தெழுந்து பழுது பார்க்க வருகின்றன. அப்பொழுது அவை அந்தத் தெளிவுப் புரதங்களின் ஏடுகளைத் தணித்துவிடுகின்றன. முயலின் கண்ணில் இது 1999-ல் தெரியவந்தது. மேல்தோலிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் டி.ஜி.எஃப். பீட்டா என்கிற தூதுப் பொருள் உள்ளே இறங்கினாலோ, இச்செல்கள் தசையின் குணம் பெற்று, காயத்தைச் சுருக்கி இழுத்து, ஒழுங்கில்லாத நாரை அவசரமாய் நெய்து தள்ளுகின்றன. வெளிச்சம் சிதறுகிறது. அதுதான் பூ.

அந்தத் தூதுப் பொருள் எப்பொழுதும் ஏன் உள்ளே இறங்குவதில்லை? மேல்தோலுக்கும் நார்ப் பாகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய ஜவ்வு வரப்புப்போல் தடுத்து நிற்கிறது. வரப்பு நன்றாயிருந்தால் மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலுக்குப் பாயாது. வரப்பு உடைந்தால் பாயும். உடைந்த வரப்பைச் சீக்கிரம் கட்டிவிட்டால், தூது நின்று, அந்த முரட்டுச் செல்களும் மாண்டு, பூ மெல்ல மெல்லக் குறையவுங்கூடும். கட்டாமல் விட்டால் பூ நிலைத்துவிடும். ஆகவே கண்ணில் பூ விழுவது சாபத்தினாலுமல்ல, கண்ணேறினாலுமல்ல. வரப்பு உடைந்ததினால், உடைந்தது காலத்தில் கட்டப்படாததினால்.

இந்த வரப்பை நம் நாட்டில் உடைக்கிற பெரிய எதிரி கிருமி. மதுரை ஜில்லாவில் 1993-ஆம் வருஷத்துக்குப் பார்த்த கணக்கில், லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் கண்டிருந்தது. இது அமெரிக்காவின் ஒரு ஜில்லாவில் கண்டதற்குப் பத்து மடங்கு. 1994-ல் மூன்று மாதத்தில் மதுரைக்கு இப்புண்ணோடு வந்த 434 பேரைச் சோதித்ததில், நூற்றுக்கு 65 பேருக்கு முதலில் ஒரு சிறு காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காளான் ஜாதிக் கிருமி. அது எங்கிருந்து வருகிறது? இலையிலும் வைக்கோலிலும் மண்ணிலும் இருக்கிறது. சுணை கீறலை மட்டும் கொடுப்பதில்லை. கிருமியையும் கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது.

இப்பொழுது வழக்கத்தில் என்ன செய்கிறோம்? இலையைக் கசக்கிச் சாறு பிழிகிறோம்; தாய்ப்பால் பீச்சுகிறோம்; விளக்கெண்ணெய் விடுகிறோம்; நாக்கினால் துழாவித் தூசி எடுக்கிறவர்களைத் தேடிப் போகிறோம்; கண்மலர் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்ளுகிறோம். இவற்றினால் குணமானது எங்களுக்குத் தெரியும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால், பெரும்பாலான சிராய்ப்புகள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டொரு நாளில் தாமே மூடிவிடும் என்று சற்றுமுன் கணக்குப் போட்டோமல்லவா? வேலை செய்தது செல். பேர் வாங்கியது இலைச்சாறு. கிருமி புகுந்து கண் போனவனுடைய கணக்கை மட்டும் இலைச்சாற்றின்மேல் எழுதாமல் தலையெழுத்தின்மேல் எழுதிவிடுகிறோம். லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் வேறொருவனுக்கு என்று எந்த வியாபாரத்தில் ஐயா இப்படிக் கணக்கு எழுதுவார்கள்?

இலைச்சாறு மட்டுந்தான் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விடுகிற சொட்டு மருந்திலும் ஆபத்து உண்டு. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இதுவும் செல்லுக்குள் போய் ஏட்டைப் புரட்டுகிற பொருளே. சிவப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஏடுகளை மூடிவிடுகிறது. சிவப்புத் தணிந்ததும் நோயாளி குணமாயிற்று என்று சந்தோஷப்படுகிறான். ஆனால் அந்தச் சிவப்பு, கிருமியோடு சண்டை போட வந்த சேனையின் அடையாளம். சேனையைக் கலைத்துவிட்டால் காளான் தடையில்லாமல் வளரும். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மருந்து. பாராமல் விட்டால் அதுவே கண்ணைக் கெடுக்கும்.

சரி, காலத்தில் கவனித்தால் பலன் உண்டா? நேபாளத்தில் பக்தபூர் என்னுமிடத்தில் கிராமத்து ஊழியர்களைப் பழக்கி, கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போடச் செய்தார்கள். முடிவு 2001-ல் வெளிவந்தது. 442 பேரில் 424 பேருக்குப் புண் வைக்காமல் ஆறிற்று. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வைக்கவில்லை. ஒரு நாள் தாண்டி இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வைத்தது. ஆனால் நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி நிறுத்துவது யோக்கியமல்ல. அச்சோதனையில் களிம்பு போடாதவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு நேபாளத்திலேயே கிராமங்களை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் மட்டும் ஊழியர்களை வைத்து நடத்திய பெரிய சோதனையில், மொத்தப் புண்களின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே களிம்பு ஒன்றே போதும் என்று நாம் சொல்லமாட்டோம். நாம் சொல்லுவது, புண் சிறிதாயிருக்கும்போது டாக்டரிடம் போகிறவனுக்குப் பார்வை மிஞ்சுகிறது. பெரிதான பின் போகிறவனுக்கு மிஞ்சுவது பூதான் என்பதே.

அப்படியானால் ஜனங்கள் ஏன் உடனே போவதில்லை? அறியாமை மட்டும் காரணமல்ல. அறுப்புக் காலத்தில் ஒரு நாள் டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் சார்ஜும் கைப்பணம். ஸ்திரீகளானால் வீட்டில் கேட்டு, துணைக்கு ஆள் தேடி, அதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிடும். ஆகையால் கூலிக்காரர்களுக்கு மட்டும் புத்தி சொல்லுவது நியாயமல்ல. நிலக்காரர்களும் பட்டறை முதலாளிகளும் வேலை செய்கிறவர்களுக்குக் கண் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கட்டும். அடிபட்டவரைக் கூலி பிடிக்காமல் அன்றைக்கே அனுப்பட்டும். புருஷர்கள், மனைவியின் கண்ணும் கண்தான் என்று நினைக்கட்டும்.

செய்யவேண்டியது சொற்பம். கண்ணில் அடிபட்டால் தேய்க்கக் கூடாது. சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால் டாக்டரைத் தேடுமுன் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் இடைவிடாமல் கழுவவேண்டும், பிறகு ஓடவேண்டும். வேறெதுவானாலும் கண்ணில் ஒன்றையும் விடாமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலி குறைந்துவிட்டதே என்று நின்றுவிடக் கூடாது.

பூ விழுந்தே போனவர்களுக்கும் வழி இருக்கிறது. 1905-ல் எட்வர்ட் சிர்ம் என்கிற டாக்டர், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் நகரத்தில், சுண்ணாம்பினால் கண் கெட்ட ஒரு கூலிக்காரருக்கு வேறொருவருடைய கருவிழியை வைத்துத் தைத்துப் பார்வை கொடுத்தார். இன்று அது உலகமெங்கும் நடக்கிறது. அதற்கு வேண்டியது செத்தவருடைய கருவிழி. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். கொடுத்தால் அடுத்த ஜன்மத்தில் குருடாய்ப் பிறப்போம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சுட்டால் சாம்பலாகிறதும், புதைத்தால் மண்ணாகிறதும் எந்த ஜன்மத்துக்கு உதவும் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

தோழர்களே! கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு செல், காயம் பட்டதும், எழுதியது இவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடுவதில்லை. எந்த ஏட்டைத் திறக்கவேண்டுமோ அதைத் திறக்கிறது. வேலை முடிந்ததும் மூடுகிறது. அதற்கு வேண்டியதெல்லாம் கிருமியில்லாத இடமும் கொஞ்சம் அவகாசமும். அந்த இரண்டையும் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. நாம் சொன்னதை நம்பவேண்டாம். நாளைக்கே ஒரு கண் ஆஸ்பத்திரியின் வாசலில், கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், எத்தனையாவது நாள் வந்தீர்கள், அதற்கு முன் கண்ணில் என்ன விட்டீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ, அதன்படி அடுத்த அறுப்புக்குப் போங்கள்.